இங்கிலாந்தில் வரலாற்றுக்காகப் பார்க்க வேண்டிய ஒரு சின்ன கிராமம் எது?

என்னைக் கேட்டால் லாக்ஸ்டன். நாட்டிங்காம்ஷயரில் ஒல்லர்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது கட்டடங்களை அல்ல, வயலை.

ஒரு காலத்தில் நடு இங்கிலாந்தில் பெரும்பாலும் பொதுவயல் முறைதான். ஊருக்கு இரண்டு மூன்று பெரிய வயல்கள். அவற்றில் ஒவ்வொரு குடியானவருக்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீளநீளத் துண்டுகள் இருக்கும். நல்ல மண்ணும் சுமாரான மண்ணும் எல்லோருக்கும் கலந்தே வரும். நடுவில் வேலி கிடையாது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டு இந்த நிலங்களை வளைத்துத் தனிப் பண்ணைகளாக்கிவிட்டார்கள். லாக்ஸ்டன் தப்பித்துக்கொண்டது. அங்கிருந்த இரண்டு பெரிய நிலக்கிழார்கள் கடைசிவரை ஒத்துப்போகவில்லை என்பதைத்தான் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

இன்றும் அங்கே மூன்று வயல்கள். ஒன்றில் குளிர்காலக் கோதுமை, ஒன்றில் வசந்தகாலப் பயிர், ஒன்றுக்கு ஓய்வு. வருடாவருடம் இது சுழலும். நவம்பர் கடைசியில் ஊர் நடுவர் குழு கோதுமை வயலைச் சுற்றி வருகிறது. எல்லை மங்கிய இடத்தில் முளைக்குச்சி அடிப்பார்கள். பொதுப் பாதையையோ புல்வெளியையோ யாராவது சேர்த்து உழுதிருந்தால் குறித்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் ஊர் நீதிமன்றம் கூடி அபராதம் போடும். கூடும் இடம் டவ்கோட் என்ற மதுவிடுதி! 1977-இல் இத்தகைய பழைய நீதிமன்றங்களின் அதிகாரத்தைச் சட்டம் எடுத்துவிட்டபோது லாக்ஸ்டனுக்கு விலக்குக் கொடுத்தார்கள். எனக்கு இந்த ஊரில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்: விவசாயிகளே தங்களுக்குள் எல்லை பார்த்துத் தீர்ப்பும் சொல்லிக்கொள்கிறார்கள்.

1635-இல் மார்க் பியர்ஸ் வரைந்த ஊர் வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டு நிலத்தையும் காட்டியதோடு, ஏர் உழுபவர்களையும் அறுவடை செய்பவர்களையும்கூடக் குட்டிக்குட்டியாக வரைந்திருக்கிறார்.

அப்புறம், ஊருக்கு வடக்கே நார்மன் காலக் (11, 12-ஆம் நூற்றாண்டு) கோட்டை ஒன்று. இப்போது புல் மூடிய பெரிய மண்மேடுதான் மிச்சம். புனித மைக்கேல் தேவாலயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். இடைக்காலத்தில் இந்த ஊரின் நிலக்கிழார்களாக இருந்த எவரிங்காம் குடும்பத்தின் கல்லறைச் சிற்பங்கள் அங்கே உள்ளன. மற்றவை கல்லில் இருக்க, ஒரு பெண்ணின் உருவம் மட்டும் ஓக் மரத்தில் செதுக்கியது. இடைக்கால மரச் சிற்பம் இவ்வளவு காலம் தாங்குவது அபூர்வம்.

1952-இல் ஊரை வேளாண் அமைச்சகம் வாங்கியது. 1981-இல் அது அரச நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது, 2020-இல் பக்கத்திலுள்ள தனியார் பெருநிலப் பண்ணையான தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கு. மூன்று கை மாறியும் வயல் முறை தொடர்கிறது. போவதென்றால் நடக்கத் தோதான காலணியோடு போங்கள். மழை பெய்தால் அந்தக் களிமண் காலை விடாது. டவ்கோட் பக்கத்திலேயே சின்னத் தகவல் மையம் இருக்கிறது, அங்கிருந்து வயல்களுக்கு நடந்தே போகலாம்.