கார் நிறுத்துமிடத்தில் அந்நிய வண்டிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: குரோம்பேட்டை ரயில் நிலையத்துக்கு அருகில், 18 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். காலையில் யாராவது எங்கள் தரைத்தளத்தில் காரை நிறுத்திவிட்டு மின்சார ரயிலில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். முகூர்த்த நாள்களில் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு வருபவர்களின் கார்களும் உள்ளே வந்துவிடுகின்றன. சென்ற மாதம் என் மாமியாரை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்லும் நேரத்தில், எங்கள் காருக்குக் குறுக்கே முன்பின் தெரியாத ஒரு கார் நின்றதால், ஆட்டோ பிடித்துப் போக வேண்டியதாயிற்று. சக்கரத்துக்குப் பூட்டுப் போடலாம் என்று சிலரும், டயரில் காற்றைப் பிடுங்கிவிடலாம் என்று சிலரும் சொல்கிறார்கள். போக்குவரத்துப் போலீஸாரை அழைத்தால் வண்டியை இழுத்துச் செல்வார்களா?

– ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்: காற்றைப் பிடுங்கும் யோசனையை உடனே கைவிடச் சொல்லுங்கள். பிறர் சொத்தின் மதிப்பையோ பயன்பாட்டையோ வேண்டுமென்றே குறைப்பது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவின் கீழ் குற்றமாகக் கருதப்படக்கூடும். அப்படி ஒரு புகார் போனால், தவறாக நிறுத்தியவர் புகார்தாரராகவும் நீங்கள் எதிர்தரப்பாகவும் ஆகிவிடுவீர்கள். சக்கரப் பூட்டும் பாதுகாப்பானதல்ல. மோட்டார் வாகனச் சட்டம் அந்த அதிகாரத்தைச் சீருடையிலுள்ள காவல் அலுவலருக்குத்தான் வெளிப்படையாகக் கொடுத்திருக்கிறது. சங்கத்தின் துணை விதிகளை ஏற்றுக்கொண்ட உறுப்பினர்களுக்கு அபராதம் விதிக்கலாம். அந்த விதிகள் வெளியாளைக் கட்டுப்படுத்தாது.

போக்குவரத்துப் போலீஸாரைப் பொறுத்தவரை, வண்டியை அப்புறப்படுத்தும் அதிகாரம் அச்சட்டத்தின் 127ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அது பொது இடத்தில் விடப்பட்ட வண்டிகளைப் பற்றியது, பொது இடம் என்பது பொதுமக்களுக்குச் சென்றுவர உரிமையுள்ள இடம் என்று அதே சட்டம் விளக்குகிறது. மதிற்சுவருக்குள் இருக்கும் உங்கள் தரைத்தளம் அதில் சாதாரணமாக அடங்காது. ஆகவே, "வண்டி உங்கள் காம்பவுண்டுக்குள் இருக்கிறதே" என்று காவலர் சொன்னால், அவர் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார் என்று வருந்த வேண்டாம். அதே கார் தெருவில் உங்கள் கேட்டை மறித்து நின்றால் நிலைமை வேறு. அது சாலை, அவர்கள் நடவடிக்கை எடுக்கலாம்.

உங்கள் மாமியாருக்கு நேர்ந்ததைப் போன்ற அவசரத்தில் நீங்கள் நாட வேண்டியது சட்டம் ஒழுங்குக் காவல் நிலையத்தை. 100 என்ற எண்ணில் அழைத்து, நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முடியாமல் ஒரு கார் வழியை அடைத்து நிற்கிறது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லி, பதிவெண்ணையும் கொடுங்கள். அரசின் வாகனச் செயலியில் உங்களுக்கு உரிமையாளரின் பெயர் பாதி மறைக்கப்பட்டுத்தான் தெரியும். காவல் நிலையத்தாரால் முழு விவரமும் பார்த்து, அவரைத் தொலைபேசியில் அழைத்து வண்டியை எடுக்கச் சொல்ல முடியும். நடைமுறையில் பெரும்பாலும் இந்த ஓர் அழைப்பிலேயே வண்டி நகர்ந்துவிடுகிறது. விஷயம் தெரிந்த பிறகும் அவர் எடுக்க மறுத்தால், போக உரிமையுள்ள ஒருவரைப் போகவிடாமல் தடுத்ததாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 126ஆம் பிரிவின் கீழ் எழுத்து மூலம் புகார் கொடுக்க இடமுண்டு. அதற்கு ஒரு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. பல நாள்களாக யாரும் எடுக்காத கார் என்றால், அது திருட்டு வண்டியாகவும் இருக்கலாம் என்பதால் நீங்கள் தொடாமல் நிலையத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தினமும் நிறுத்திவிட்டுப் போகும் ரயில் பயணிக்கு வேறு வழி தேவை. அத்துமீறி நுழைதல் குற்றமாவதற்கு, வெறுமனே நுழைந்தால் போதாது. குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு கொடுக்கவோ வேண்டும் என்ற எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும் என்கிறது அதே சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு. தெரியாமல் நிறுத்திவிட்டேன் என்று ஒருவர் முதல் நாள் சொன்னால், மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. அதனால்தான் அறிவிப்பு முக்கியமாகிறது. கேட்டில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பலகை வையுங்கள். வந்து நிற்கும் காரின் வைப்பர் இடுக்கில், இது தனியார் இடம், இனி நிறுத்த வேண்டாம் என்று சங்கத்தின் முத்திரையோடும் தேதியோடும் ஒரு தாளைச் செருகி, அந்தத் தாளும் பதிவெண்ணும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். இரண்டு மூன்று அறிவிப்புகளுக்குப் பிறகும் அதே கார் வந்தால், காவல் நிலையத்தில் உங்கள் பேச்சுக்குக் கனம் கூடும். தேவைப்பட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கோரவும் அந்தப் படங்களே சான்றாகும்.

ஆனால் சட்டத்தைவிட வேகமாக வேலை செய்வது உங்கள் கேட். ரயில் நிலையத்தை ஒட்டிய இத்தகைய குடியிருப்புகளில் நான் பார்த்தவரை, பால் பாக்கெட் வரும் நேரத்தில் திறக்கும் கேட் இரவு வரை திறந்தே கிடக்கிறது. ஸ்கூட்டரை விட்டு இறங்கி அதைச் சாத்துவதற்குக் குடியிருப்பவர்களுக்கே சலிப்பு. வாட்ச்மேன் இருந்தாலும், சலவைச் சட்டையோடு காரில் வருபவர் "மூன்றாம் மாடிக்கு வந்திருக்கிறேன்" என்று சொன்னால், அவரைத் தடுக்கும் துணிச்சல் அந்த முதியவருக்கு எப்படி வரும்? அவருக்குத் துணிச்சலைக் கொடுக்க வேண்டியது சங்கம். வருபவர் எந்த வீட்டைச் சொன்னாலும் அந்த வீட்டுக்கு இன்டர்காமிலோ கைப்பேசியிலோ கேட்ட பிறகே கேட்டைத் திறக்க வேண்டும் என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, அதன் நகலைக் காவலாளியின் மேசை மேல் ஒட்டிவிடுங்கள். யாராவது சத்தம் போட்டால் அவர் அந்தத் தாளைக் காட்டினால் போதும். குடியிருப்போரின் கார்களுக்கு முன் கண்ணாடியில் வீட்டு எண் போட்ட ஸ்டிக்கர் கொடுங்கள். ஸ்டிக்கர் இல்லாத வண்டியின் எண், நேரம், செல்லும் வீடு ஆகியவை பதிவேட்டில் ஏற வேண்டும். பகலில் காவலாளி இல்லையென்றால், 18 வீடுகள் பகிர்ந்துகொள்ளும்போது அந்தச் சம்பளம் ஒரு வீட்டுக்குப் பெரிய தொகையாகாது.

ஒவ்வோர் இடத்துக்கும் மஞ்சள் கோடு போட்டு வீட்டு எண்ணை எழுதுங்கள். தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் ஒரு காருக்குச் சொல்லும் அளவு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் ஆகும். அடிக்கடி அபகரிக்கப்படும் இடத்தில், தரையில் போல்ட் போட்டு இறுக்கி, சாவியால் பூட்டி, மடக்கி நிமிர்த்தக்கூடிய இரும்புத் தடுப்பு வைக்கலாம். ஆனால் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் வரும் பொது வழியில் அதை வைக்கவே கூடாது. முகூர்த்த நாள்கள் காலண்டரிலேயே இருப்பதால், மண்டப மேலாளரை முன்கூட்டியே சந்தித்து, அந்த நாள்களில் உங்கள் கேட் முன்பு அவருடைய ஆள் ஒருவரை நிறுத்தச் சொல்லுங்கள். பெரும்பாலான மேலாளர்கள் ஒப்புக்கொள்வார்கள், ஏனென்றால் கல்யாண வீட்டில் தகராறு வருவதை அவர்களும் விரும்புவதில்லை.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் வீடே இல்லாத ஒருவர், கட்டடத்தைக் கட்டியவரிடம் திறந்தவெளி கார் நிறுத்துமிடத்தை விலைக்கு வாங்கியிருப்பதாகச் சொல்லித் தினமும் நிறுத்துகிறார். அவரிடம் ரசீதும் இருக்கிறது. எங்களால் தடுக்க முடியுமா?

– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ரசீது இருப்பதாலேயே உரிமை வந்துவிடாது. 2010ஆம் ஆண்டு நஹல்சந்த் லாலூசந்த் நிறுவனத்துக்கும் பாஞ்சாலி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில், தூண்களுக்கு இடையிலான நிறுத்துமிடத்தைத் தனி அலகாகப் பிரித்து விற்கக் கட்டுநருக்கு உரிமை இல்லை, அது பொதுப் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கு என்பதை மறக்க வேண்டாம். ஆனால் அதன் பிறகு வந்த 2016ஆம் ஆண்டின் ரேரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் நாடு முழுவதற்கும் பொருந்துவது. அது திறந்தவெளி நிறுத்துமிடங்களைப் பொதுப் பகுதிகளின் பட்டியலிலேயே வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. கூரையும் மூன்று பக்கச் சுவரும் உள்ள கார் ஷெட்டை மட்டுமே அது வேறாக வைத்துப் பார்க்கிறது.

முதலில் அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலை வாங்கி, அந்த இடம் அதில் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்; பிறகு உங்கள் கிரயப் பத்திரங்களில் பொதுப் பகுதிகள் பற்றி எழுதியிருப்பதைப் படியுங்கள். இரண்டும் உங்கள் பக்கம் இருந்தால், சங்கத்தின் பெயரில் வழக்கறிஞர் அறிவிப்பை அவருக்கு மட்டுமல்லாமல் கட்டுநருக்கும் அனுப்புங்கள். உங்கள் கட்டடம் ரேரா ஆணையத்தில் பதிவானது என்றால் கட்டுநர் மீது அங்கே புகார் செய்யலாம். பழைய கட்டடம் என்றால் உரிமையியல் நீதிமன்றமே வழி. அவரும் பணம் கொடுத்து ஏமாந்தவர் என்பதால் அவரை எதிரியாக நடத்த வேண்டாம். கட்டுநரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும்படி அவரிடம் பேசிப் பாருங்கள். அவர் உங்களோடு சேர்ந்தால் வழக்கு பாதி முடிந்த மாதிரி.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் ஒரு வீட்டுக்காரர், தம் நிறுத்துமிடத்தைப் பக்கத்துக் கிளினிக்குக்கு மாத வாடகைக்கு விட்டிருக்கிறார். நோயாளிகளின் கார்கள் நாள் முழுக்க வந்துபோகின்றன. இது சரிதானா?

– ஒரு வாசகர், மதுரை

பதில்: அந்த இடம் அவருடைய வீட்டின் பயன்பாட்டுக்காக ஒதுக்கப்பட்டது. அவருடைய வீட்டில் குடியிருக்கும் வாடகைதாரர் அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. வெளியே உள்ள வணிகத்துக்கு விடுவது வேறு. உங்கள் துணை விதிகளில் இதற்குத் தடை இருந்தால் அதைச் சுட்டிக்காட்டிச் சங்கச் செயலாளர் அவருக்கு எழுதட்டும். இல்லையென்றால் பொதுக்குழுவைக் கூட்டி, நிறுத்துமிடத்தைக் குடியிருப்போர் அல்லாதவருக்கு வாடகைக்கு விடக்கூடாது என்று விதியைத் திருத்துங்கள். கூட்ட அறிவிப்பை அவருக்கு மின்னஞ்சலிலும் அனுப்பி, அனுப்பியதற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வருமானம் தேவைப்பட்டால், கார் இருந்தும் இடம் இல்லாத வேறொரு வீட்டாருக்கு உங்கள் குடியிருப்புக்குள்ளேயே அதை வாடகைக்கு விடலாம் என்ற வழியையும் அந்தத் திருத்தத்தில் சேர்த்துவிட்டால், அவர் எதிர்க்கக் காரணம் இருக்காது.