முயல் படம்தானே என்று நம்பி உட்கார்ந்தவர்கள்

கேள்வி (ஒரு வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்): ஐயா, சின்ன வயதில் எங்கள் வீட்டில் தேயத் தேய ஓடிய கேசட் ‘வாட்டர்ஷிப் டவுன்’ என்ற கார்ட்டூன் படம். அழுதுகொண்டே பார்ப்பேன், மறுநாளும் அதையே போடச் சொல்வேன். பல வருஷம் கழித்துப் போன மாதம் மறுபடி பார்த்தேன். அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்ட ரத்தக் காட்சிகள் இப்போது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அந்தக் கொழுகொழு முயல்கள், ரொம்ப மரியாதையாகப் பேசுமே, அவை இருக்கும் வளை வந்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. சின்ன வயதில் அது எப்போது முடியும் என்று காத்திருப்பேன். எனக்கு மட்டும்தான் இப்படியா?

பதில்: இல்லை, நானும் உங்கள் கட்சிதான். படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஒரு வயல்வெளியில் முயல் கூட்டம் ஒன்று வாழ்கிறது. ஃபைவர் என்ற நோஞ்சான் முயலுக்கு, வயல் முழுக்க ரத்தம் பரவுவதுபோல் ஒரு காட்சி தெரிகிறது. பக்கத்திலேயே வீடுகள் கட்டப்போவதாக ஒரு அறிவிப்புப் பலகை நிற்கிறது, முயலுக்குப் படிக்கத் தெரியாது, நமக்குத் தெரியும். ஃபைவரின் அண்ணன் ஹேசல் சிலரைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறான். வழியில் ஒரு பெண் முயலைப் பருந்து தூக்கிவிடுகிறது. அப்புறம்தான் நீங்கள் சொன்ன அந்த வளை வருகிறது.

கவுஸ்லிப் என்ற முயல் இவர்களை உள்ளே அழைக்கிறது. விசாலமான வளை. சாப்பிடக் காரட் இருக்கிறது, அதுவும் யாரோ மனிதன் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவது. முயல்கள் எல்லாம் பளபளவென்று இருக்கின்றன, ஆனால் எண்ணிக்கை குறைவு. படத்துக்கு மூலமான நாவலில் இது இன்னும் விரிவாக வரும். பண்ணைக்காரன் நரியையும் மற்ற எதிரிகளையும் ஒழித்துக்கட்டி, முயலுக்குத் தீனியும் போட்டு, அவ்வப்போது ஒன்றிரண்டைக் கண்ணி வைத்துப் பிடித்துக்கொள்கிறான். அங்கே ஒரே ஒரு எழுதாத சட்டம்: காணாமல் போனவன் எங்கே என்று யாரும் கேட்கக் கூடாது. படத்தில், ஹேசலோடு வந்த முரட்டு முயல் பிக்விக் கம்பிக் கண்ணியில் மாட்டிக்கொண்டு வாயில் ரத்தம் கக்கும்போது ஃபைவர் உதவி கேட்டு ஓடுகிறான். யாரும் வருவதில்லை.

குழந்தைக்கு இந்தப் பகுதி சலிப்புதான், பல்லைக் காட்டும் ஆள் யாரும் இல்லையே. இன்னொரு வளையை அடக்கி ஆளும் முயல் ஜெனரல் வூண்ட்வோர்ட் வந்தால்தான் பயம், அவனுக்கு ஒரு கண் வெளுத்திருக்கும், உறுமுவான். நாற்பது வயதில் பார்த்தால் வூண்ட்வோர்ட் வெறும் சர்வாதிகாரி, அவனை எதிர்த்துச் சண்டை போடலாம், தப்பித்து ஓடலாம், கடைசியில் நாயை அவிழ்த்தும் விடலாம். கவுஸ்லிப்பை என்ன செய்வது? அவன் யாரையும் அடிக்கவில்லை, நல்ல சாப்பாடு போடுகிறான், பேச்சை மட்டும் மாற்றுகிறான். மாதச் சம்பளமும் வீட்டுக்கடன் தவணையும் வந்த பிறகு அந்த வளைக்குள் நுழையும்போது நமக்கே இடம் பழக்கமானதாகத் தெரிகிறதே, அதுதான் உங்கள் வயிற்றைக் கலக்கியிருக்கும். என்னைக் கேட்டால் மொத்தப் படத்திலும் திகிலான பத்து நிமிஷம் இதுதான். இதில் ரத்தம் கடைசியில் கொஞ்சம்தான் வருகிறது.

கேள்வி (கோவையிலிருந்து): இவ்வளவு ரத்தம் இருந்தும் இதற்கு எல்லோரும் பார்க்கலாம் என்று சான்றிதழ் கொடுத்தார்களாமே, எப்படி சார்?

பதில்: கொடுத்தார்கள். 1978-இல் பிரிட்டன் தணிக்கைக் குழு இதற்கு ‘யு’ தந்தது. வரைந்த படம் என்பதால் ரத்தத்தின் கோரம் குறைந்துவிடும், குழந்தைகள் பார்க்கும்போது கலங்கினாலும் கதையின் மயக்கம் கலைந்ததும் அது அவர்களைப் பெரிதாகப் பாதிக்காது என்பதுதான் அன்றைய தேர்வாளர்களின் கணக்கு. கணக்கில் பாதி சரி, பிள்ளைகள் கலங்கினார்கள். கோரம் குறைந்ததா என்பதை இன்றைக்கு ஐம்பதைத் தொடும் எந்த இங்கிலாந்துக்காரரிடமும் கேட்டுப்பாருங்கள். பழைய வளையை மனிதர்கள் அடைத்து விஷவாயு விட்டதை ஹோலி என்ற முயல் சொல்லும் காட்சி ஒன்று போதும். முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று நசுங்கி, சிவப்பும் கறுப்புமாகச் சுழலும். அதை நேரடியாகப் படம் பிடித்திருந்தால் வெட்டியிருப்பார்கள், வரைந்ததால் தப்பித்தது. ஆனால் வரைந்ததால்தான் அது கனவில் வரும் தினுசில் இருக்கிறது, இது தேர்வாளர்களுக்கு உறைக்கவில்லை.

2016-இல் பிரிட்டனின் சேனல் 5 தொலைக்காட்சி இதை ஈஸ்டர் ஞாயிறு மத்தியானம் போட்டது. ஈஸ்டர் என்றால் முயல், அதனால் முயல் படம் என்று நிகழ்ச்சி போட்டவர் நினைத்தாரோ என்னவோ, பெற்றோர்கள் சமூக ஊடகங்களில் கொதித்துப் போனார்கள். 2022-இல் மறுபடி தணிக்கைக்குப் போனபோது ‘பிஜி’ ஆக்கினார்கள், அதாவது பெரியவர் துணையோடு பார்க்கலாம். காரணங்களில் வன்முறையும் ரத்தமும் மட்டுமில்லை, கெட்ட வார்த்தையும் உண்டு. அது கெஹார் என்ற கடற்காகம் உதிர்ப்பது. அந்தக் குரலைக் கொடுத்த ஜீரோ மோஸ்டெல் 1977-இல், படம் வெளிவரும் முன்பே இறந்துவிட்டார். மொத்தப் படத்திலும் நம்மைச் சிரிக்க வைப்பது அவர் ஒருவர்தான்.

கேள்வி (மதுரையிலிருந்து): ஆரம்பத்தில் வரும் படைப்புக் கதை மட்டும் வேறு யாரோ வரைந்ததுபோல் இருக்கிறதே?

பதில்: கண் நல்ல கண். படத்தை முதலில் இயக்க ஆரம்பித்தவர் ஜான் ஹப்லி, அமெரிக்க அனிமேஷனில் பெரிய பெயர். தயாரிப்பாளர் மார்ட்டின் ரோசனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை, விலகினார், 1977-இல் காலமானார். அதன் பிறகு ரோசன் தானே இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார், அதற்கு முன் ஒரு படம் இயக்கியவர் இல்லை. ஹப்லியின் கைவண்ணம் அந்த முன்கதையில் தங்கிவிட்டது. பழங்குடி ஓவியம்போலத் தட்டையான உருவங்கள், துள்ளும் கோடுகள். முயல்களின் கடவுளான ஃப்ரித், அடங்காத முயல் இளவரசனுக்குப் பாடம் கற்பிக்க மற்ற மிருகங்களுக்குப் பல்லும் நகமும் கொடுக்கிறார். அப்புறம் மனசு கேட்காமல் அவனுக்கு வேகமான காலையும் தந்திரத்தையும் தருகிறார். உலகமே உனக்கு எதிரி, பிடித்தால் கொல்லும், ஆனால் முதலில் உன்னைப் பிடித்தாக வேண்டும் என்பது அவர் வாக்கு.

இந்த மூன்று நிமிஷம் முடிந்ததும் படம் சட்டென்று நீர்வண்ணத்தில் வரைந்த ஹாம்ப்ஷயர் வயல்வெளிக்கு மாறும், முயல்கள் நிஜ முயல்போல மூக்கைச் சுருக்கும். அந்த மாற்றத்தைச் சின்ன வயதில் யார் கவனித்தோம்? இப்போது பார்த்தால் புரிகிறது, சாவு உண்டு என்று முதல் மூன்று நிமிஷத்திலேயே சொல்லிவிட்டுத்தான் கதையைத் தொடங்குகிறார்கள். ஏமாற்றவில்லை. கேசட் அட்டையைப் பார்த்து நாமாக ஏமாந்தோம், அதிலும் கண்ணியில் மாட்டிய முயலின் நிழல்தான் இருந்தது.

கேள்வி (திண்டுக்கல்லிலிருந்து): எங்கள் பக்கம் காட்டு முயல் தனியாகத்தான் ஓடும். படத்தில் ஊர் மாதிரி வளை தோண்டி, காவல் போட்டு வாழ்கிறதே, இதெல்லாம் கற்பனையா?

பதில்: இரண்டும் வேறு பிராணி. நம் ஊர்க் காட்டு முயல் வளை தோண்டாது, புதரடியில் பள்ளம்போல ஒரு இடத்தில் பதுங்கும், குட்டி பிறக்கும்போதே உடம்பில் முடியும் திறந்த கண்ணும் இருக்கும். படத்தில் வருவது ஐரோப்பிய முயல். அது கூட்டமாக நிலத்தடியில் வாழும், குட்டி கண் திறக்காமல் வெறும் தோலோடு பிறக்கும். நாம் வீட்டில் வளர்க்கும் வெள்ளை முயல் அதன் வம்சம், அதனால்தான் தோட்டத்தில் விட்டால் மூலையைப் பறிக்கிறது.

நாவலை எழுதிய ரிச்சர்ட் ஆடம்ஸ் ஒரு அரசு அதிகாரி. காரில் போகும்போது தன் இரண்டு மகள்களுக்குச் சொன்ன கதை இது. பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகு 1972-இல் புத்தகமானது. முயல் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அவர் நம்பியது ஆர். எம். லாக்லி என்ற இயற்கையாளர் 1964-இல் எழுதிய முயல் ஆராய்ச்சிப் புத்தகத்தை. பின்னால் இருவரும் நண்பர்களாகி அண்டார்டிகா வரைக்கும் சேர்ந்து போய்வந்தார்கள்! வாட்டர்ஷிப் டவுன் நிஜமான குன்று, ஹாம்ப்ஷயரில் இருக்கிறது.

காவல், படை, கட்டளை எல்லாம் வேறு இடத்திலிருந்து வந்தவை. இரண்டாம் உலகப் போரில் ஆடம்ஸ், வானிலிருந்து இறங்கிச் சண்டை போடும் தரைப்படைப் பிரிவு ஒன்றின் தளவாடக் கம்பெனியில் அதிகாரி. சத்தம் போடாமல் தலைமை தாங்கும் ஹேசலுக்கு அவருடைய மேஜர் ஜான் கிஃபோர்டும், முரட்டு பிக்விக்குக்கு 1944-இல் நெதர்லாந்தின் ஆர்னம் சண்டையில் செத்த கேப்டன் டெஸ்மண்ட் கவனாவும்தான் மாதிரி. இது தெரிந்த பிறகு, சுரங்க வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு, என் தலைவன் இங்கே நிற்கச் சொன்னான் என்று பிக்விக் சொல்லும் இடம் எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை பெரிய முயலே தலைவன் இல்லையென்றால் உள்ளே இருப்பவன் எவ்வளவு பெரியவன் என்று வூண்ட்வோர்ட் மிரள்வான். ஹேசல் சின்ன ஆள். ஆனாலும் இது முயல் கதைதான், உருவகம் ஒன்றும் கிடையாது என்று ஆடம்ஸ் கடைசிவரை சாதித்தார். நான் அதை முக்கால்வாசிதான் நம்புகிறேன்.

கேள்வி (சேலத்திலிருந்து): மறுபடி பார்த்தபோது உங்களுக்குப் பிடிக்காமல் போனது ஏதாவது?

பதில்: பெண் முயல்கள். ஹேசல் கூட்டம் புது இடத்தில் குடியேறிய பிறகு, அடடா பெண்ணே இல்லையே என்று யோசித்து, அதற்காகவே வூண்ட்வோர்ட் ஆளும் எஃப்ராஃபா என்ற வளைக்குப் போகிறது. ஏதோ தளவாடம் தீர்ந்துபோன மாதிரி. பெண்களில் ஹைசென்த்லே ஒருத்திக்குத்தான் நாலு வசனம். நிஜத்தில் வளை தோண்டும் வேலையில் பெரும்பகுதி பெண் முயலுடையது! 2018-இல் பிபிசியும் நெட்ஃபிளிக்ஸும் சேர்ந்து எடுத்த தொடரில் இதைச் சரிசெய்யப் பார்த்தார்கள், ஸ்ட்ராபெர்ரி என்ற ஆண் முயலைப் பெண்ணாக்கி ஒலிவியா கோல்மனைப் பேச வைத்தார்கள். நல்ல எண்ணம். ஆனால் அந்தக் கணினி முயல்களில் எது எது என்று அடையாளம் கண்டுபிடிப்பதற்குள் ஒரு பகுதி முடிந்துவிடுகிறது.

இன்னொன்று, நாவலில் பிழைத்துக்கொள்ளும் பிளாக்காவார் என்ற எஃப்ராஃபா முயலைப் படத்தில் கொன்றுவிடுகிறார்கள். காது கிழிந்து அவ்வளவு பட்டு, தப்பித்தும் வந்தவன். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்வி (திருநெல்வேலியிலிருந்து): ‘பிரைட் ஐஸ்’ பாட்டு கேட்டதுண்டா?

பதில்: கேட்காதவர் உண்டா? மைக் பேட் எழுதி ஆர்ட் கார்ஃபங்கல் பாடியது, 1979-இல் பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடம். ஹேசல் குண்டடி பட்டுக் கிடக்க, ஃபைவர் தேடி ஓடும்போது வரும். பாட்டைத் தனியாகக் கேட்டால் கொஞ்சம் தித்திப்புத் தூக்கல், படத்தோடு கேட்டால் தொண்டை அடைக்கும்.

கேள்வி (முதல் வாசகியே மறுபடி): என் மகனுக்கு ஏழு வயது. காட்டலாமா, வேண்டாமா? என் கணவர் வேண்டாம் என்கிறார்.

பதில்: உங்கள் மகனை எனக்குத் தெரியாது. செத்த பூனையைத் தெருவில் பார்த்தால் கேள்வி கேட்கிற பிள்ளையா, மூன்று நாள் தூங்காத பிள்ளையா? முதல் ரகம் என்றால் ஒன்பது, பத்து வயதில் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள், இரண்டாம் ரகம் என்றால் இன்னும் தள்ளிப்போடுங்கள். ஏழுக்கு நானும் உங்கள் கணவர் பக்கம். ஹோலி சொல்லும் விஷவாயுக் காட்சியை மட்டும் ஓட்டிவிடலாமே என்று தோன்றும், ஓட்டலாம், கதை கெடாது. கடைசிக் காட்சியை மட்டும் ஓட்டாதீர்கள். கிழவனான ஹேசலைக் கறுப்பு முயல் வந்து அமைதியாகக் கூப்பிடுகிறது, அவன் தன் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, சரி என்று உடம்பைப் போட்டுவிட்டுப் போகிறான். அவ்வளவு பயந்த பிள்ளைக்கு அந்த இடம் வேண்டும், அதைப் பார்க்காமல் தூங்கப் போனால்தான் இரவில் எழுப்புவான்.

இதே ரோசன், ஆடம்ஸின் இன்னொரு நாவலை வைத்து 1982-இல் எடுத்த ‘தி பிளேக் டாக்ஸ்’ உங்கள் பட்டியலில் அடுத்து வந்து நிற்கும், கடைகளிலும் ஓடிடியிலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைப்பார்கள். ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து தப்பிய இரண்டு நாய்களின் கதை. நாவலில் அவை காப்பாற்றப்படும், படத்தில் கடலுக்குள் நீந்திக்கொண்டே போகும், அதோடு முடிந்துவிடும். அதை மகனுக்குக் காட்ட வேண்டாம், நீங்களும் மறுநாள் லீவு இருந்தால் மட்டும் பாருங்கள்.