'டூ யூ மைண்ட்' என்று கேட்டால் 'நோ' சொல்லுங்கள்

லண்டன் மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கை கேட்டிருக்கிறார்: "கூட வேலை செய்பவர், தான் முதலில் சாப்பிடப் போகலாமா என்பதற்கு 'டூ யூ மைண்ட்' என்று கேட்டார். 'யெஸ், யெஸ்' என்று தலையாட்டினேன். அவர் முகம் சுண்டிவிட்டது. ஏன்?"

ஏனென்றால், 'உங்களுக்கு ஆட்சேபணை உண்டா' என்று அவர் கேட்க, 'உண்டு, உண்டு' என்று சிரித்த முகமாகச் சொல்லியிருக்கிறீர்கள் அம்மா! சம்மதம் என்றால் 'நோ' சொல்ல வேண்டும். இங்கே பிறந்தவர்களே சில சமயம் 'யெஸ், ஷூர்' என்பார்கள். குரலை வைத்துப் புரிந்துகொள்வார்கள். நம் குரல் அவர்களுக்குப் பழகும்வரை 'நாட் அட் ஆல், கோ அஹெட்' என்று முழுதாகச் சொல்லிவிடுவது நல்லது.

வார்டு பொறுப்பாளர் 'வுட் யூ மைண்ட் செக்கிங் பெட் ஃபோர்' என்றால், கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் அது கட்டளை. 'நோ' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது, எழுந்து போக வேண்டும். நோயாளி 'வுட் யூ மைண்ட் ஓப்பனிங் த விண்டோ' என்றால் ஜன்னலைத் திறக்க வேண்டியவர் நீங்கள். 'வுட் யூ மைண்ட் இஃப் ஐ ஓப்பன்ட்' என்று வந்தால் அவரே திறந்துகொள்வார்.

'அவன் என்னை மைண்டே பண்ணவில்லை' என்று ஊரில் சொல்வதை இங்கே மறந்துவிடுங்கள். டீயா காபியா என்று கேட்கும்போது 'ஐ டோன்ட் மைண்ட்' என்றால் எதுவானாலும் சரி என்று பொருள். அந்த இடத்தில் 'ஐ டோன்ட் கேர்' மட்டும் வேண்டாம். எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்பதுபோல் ஒலிக்கும்.

பாதாள ரயிலில் 'மைண்ட் த கேப்' என்பது, இடைவெளியைப் பார்த்துக் காலை வையுங்கள் என்ற எச்சரிக்கை. வளைந்த நடைமேடையில் நேரான பெட்டி வந்து நின்றால் இடைவெளி விழத்தான் செய்யும். 1968 முதல் பதிவு செய்த குரலிலேயே இதைச் சொல்லி வருகிறார்கள். அப்படி ஒலித்த குரல்களில் ஒன்று ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகருடையது. அவர் இறந்த பிறகு, எம்பேங்க்மென்ட் நிலையத்துக்குப் போய் அந்தக் குரலைக் கேட்டு வந்தார் அவர் மனைவி. ஒரு நாள் அது மாற்றப்பட்டிருந்தது. அவர் கேட்டுக்கொண்டதும், 2013இல் நார்தர்ன் பாதை நடைமேடையில் பழைய குரலையே மீண்டும் ஒலிக்கவிட்டார்கள். இந்த ஊர்மீது எனக்குள்ள குறைகளில் பாதி அன்றே தீர்ந்தது.

குழந்தையை அழைத்து வந்ததும் 'சைல்ட்மைண்டர்' தேடுவீர்கள். தம் வீட்டில் வைத்துப் பிள்ளை பார்த்துக்கொள்பவர் அவர். பள்ளிகளையும் குழந்தைப் பராமரிப்பையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டில் அவருக்குப் பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்டணத்தைப் பிறகு பேசலாம்.

பணி முடிந்து கிளம்பும் அயர்லாந்துக்காரர் 'மைண்ட் யுவர்செல்ஃப்' என்றால் கோபிக்காதீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள் என்கிறார். அதையே தள்ளுவண்டியோடு பின்னால் வரும் இங்கிலாந்துக்காரர் சொன்னால், நன்றி சொல்லிக்கொண்டிருக்காமல் ஒதுங்கி வழிவிடுங்கள்.