பொரித்த கோழிக்குஞ்சின் கழுத்து திருகியிருக்கிறது, பிழைக்குமா?

வீட்டில் அடை வைத்துப் பொரித்த நாட்டுக்கோழிக் குஞ்சுகளில் ஒன்று மட்டும் தலையைப் பின்னால் வளைத்து வானத்தைப் பார்க்கிறது, நடக்கப் போனால் பின்பக்கமாக விழுகிறது, மற்றவை நன்றாக இருக்கின்றன, இதைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் முடியும். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் விளை (தோட்டம்) ஓரத்தில் கோழி வளர்க்கிறவள். இந்த மாதிரிக் குஞ்சுகள் எங்கள் வீட்டில் தேறியும் இருக்கின்றன, செத்தும் இருக்கின்றன. செத்தவற்றில் பலதும் கழுத்தால் சாகவில்லை. தண்ணீர் குடிக்க முடியாமலும், மற்ற குஞ்சுகளின் காலில் மிதிபட்டும்தான் செத்தன. எனவே கழுத்தை நிமிர்த்துவது இரண்டாவது வேலை. குஞ்சின் உடம்பில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை.

அதற்கு முன் ஒன்று. உங்கள் குஞ்சு எப்போது பொரித்தது? முட்டை ஓட்டை உடைக்க உதவும் தசை ஒன்று குஞ்சின் பிடரியில் உண்டு. பொரிக்கும் நேரத்தில் அது நீர் கோத்து வீங்கியிருக்கும், சில நாளில் வற்றிவிடும். அதனால் பொரித்த அன்று குஞ்சு தலையைத் தூக்கமாட்டாமல் கிடப்பதும், பிடரி தடித்துத் தெரிவதும் நோய் இல்லை. ஈரம் காய்ந்து, ஒரு நாள் கழிந்து, உடன்பிறப்புகள் எல்லாம் ஓடியாடும்போது இது மட்டும் தலையை வளைத்துக்கொண்டு நின்றால்தான் கவலைப்பட வேண்டும். பொரித்த அன்றே கழுத்து சரியில்லை என்று குஞ்சைக் கையில் எடுத்துத் தடவித் தடவியே சோர வைத்துவிடுகிறவர்கள் உண்டு.

சரி, ஒரு நாள் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அதைத் தாயிடமிருந்து பிரியுங்கள். தள்ளாடும் குஞ்சைச் சில கோழிகள் கொத்தி ஒதுக்கும். ஒதுக்காத கோழியும் மற்ற குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இரை தேடப் போய்விடும், இது மட்டும் பின்தங்கும். அதற்குள் ஒரு காக்கையோ கீரியோ போதும். ஓர் அட்டைப்பெட்டி எடுத்து, அடியில் பழைய துண்டு விரியுங்கள். செய்தித்தாள் வேண்டாம், வழுக்கும். ஏற்கெனவே நிற்கத் தடுமாறும் குஞ்சுக்கு வழுக்கும் தரையில் காலும் விரிந்துபோகும். ஒரு துணியைச் சும்மாடு மாதிரிச் சுற்றி நடுக்குழியில் குஞ்சை உட்கார வைத்தால் உடம்பு உருளாமல் நிற்கும், தலைக்கும் ஒரு தாங்கல் கிடைக்கும். முடிந்தால் சாதுவான இன்னொரு குஞ்சைத் துணைக்கு விடுங்கள். தனியாக விட்டால் கத்திக் கத்தியே சோர்ந்துபோகும், பிறகு கூட்டத்தில் சேர்ப்பதும் பாடு.

முதல் வாரத்தில் குஞ்சுக்குச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொள்ளலாம். நம்மூரில் பங்குனி, சித்திரையில் பகலில் பெரிதாக ஒன்றும் தேவைப்படாது, இரவுக்குப் பார்த்தால் போதும். இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், அப்படி இல்லை, பகலிலும் பல்பு போட வேண்டியிருக்கும். எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்பு 40 வாட்டோ 60 வாட்டோ தேடிப் பிடியுங்கள். கிடைக்காவிட்டால் வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்து, ஆறினால் மாற்றுங்கள். பல்பைப் பெட்டியின் ஒரு மூலையில் தொங்கவிட்டுக் குஞ்சை அதற்கு நேர் அடியில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நல்ல குஞ்சு சூடு அதிகமானால் தானாக விலகிப்போகும். கழுத்து திருகிய குஞ்சால் விலக முடியாது, கிடந்த இடத்திலேயே வெந்துவிடும்.

இனி தண்ணீர். பொரித்த குஞ்சின் வயிற்றுக்குள் மிச்ச மஞ்சள் கரு இருப்பதால் இரண்டு மூன்று நாள் தீனி இல்லாமல் தாக்குப்பிடிக்கும். அந்த நம்பிக்கையில் நாம் அசட்டையாக இருந்துவிடுகிறோம். மூன்றாம் நாள் அது சட்டென்று துவண்டுபோகும். கோழி தண்ணீரை உறிஞ்சிக் குடிப்பதில்லை. அலகில் அள்ளித் தலையைத் தூக்கி இறக்கும். தலை கட்டுப்பாட்டில் இல்லாத குஞ்சால் அள்ளவும் முடியாது, சரியாகத் தூக்கவும் முடியாது. நாம்தான் அதைச் செய்துகொடுக்க வேண்டும்.

குஞ்சை ஒரு துணியில் தளர்வாகச் சுற்றி இடது உள்ளங்கையில் வையுங்கள். பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தலையை இரண்டு பக்கமும் மெல்லத் தாங்கி, இயல்பாக நிற்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். எவ்வளவு தூரம் தடையில்லாமல் வருகிறதோ அவ்வளவு போதும், முறுக்கி இழுக்கக் கூடாது. அதே நிலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் விரலை நனைத்து, அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு படும்படி தொடுங்கள். குஞ்சு வாயைத் திறந்து மூடி விழுங்கும். விழுங்கியது தெரிந்த பிறகு அடுத்த சொட்டு. ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்சும் நல்லதுதான், ஆனால் அதையும் அலகின் ஓரத்தில் சொட்டத்தான் வைக்க வேண்டும். வாய்க்குள் பீய்ச்சக் கூடாது. மூச்சுக்குழலின் வாய் நாக்குக்கு நேர் பின்னால் திறந்திருக்கிறது, தண்ணீர் அதில் போனால் காப்பாற்ற முடியாது. குஞ்சு கொஞ்சம் தெம்பான பிறகு, பாட்டில் மூடியில் தண்ணீர் வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டு அலகு நுனியை மட்டும் தொடவிட்டால் தானே அள்ளப் பழகும். மூக்குத் துளை நனையக் கூடாது.

பகலில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போல இதைச் செய்ய வேண்டும். இரவில் தூங்க விடுங்கள். முதல் நாள் தண்ணீரில் ஒரு சிறு துண்டு கருப்பட்டி கரைத்துக் கொடுத்தால் கொஞ்சம் ஊக்கம் வரும். அதையே தொடர வேண்டாம். இரண்டாம் மூன்றாம் நாள் முதல், கடையில் ஸ்டார்ட்டர் என்று விற்கும் குஞ்சுத் தீவனத்தைத் தண்ணீரில் குழைத்து, அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துளி உதிர்த்துச் சேர்த்து அலகில் வையுங்கள். மார்பின் வலது பக்கம் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தால் உள்ளே போனதா என்று தெரிந்துவிடும். எங்கள் மாமியிடம் ஒருமுறை குஞ்சைக் காட்டினபோது, "சவம் பொழைக்காது, விடு மக்கா" என்றார்கள். அப்புறம் அவர்களே மடியில் வைத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு சிறிய குஞ்சில் கழுத்து திருக முக்கியமான காரணங்கள் சத்துக் குறைவும் அடியும்தான். தலை நேராகப் பின்னால் வளைந்து வானத்தைப் பார்த்தால் வைட்டமின் பி1, அதாவது தயமின் குறைவை முதலில் சந்தேகப்படுவார்கள். பக்கவாட்டில் திருகிக்கொள்வது, தலை காலுக்கிடையில் போவது, உருண்டு உருண்டு விழுவது என்றால் வைட்டமின் ஈ குறைவால் மூளை பாதிக்கப்பட்டிருக்கலாம், அல்லது தலையில் கொத்தோ அடியோ பட்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து உறுதியாகப் பிரிக்க முடியாது என்பதால் இரண்டையும் கொடுப்பதுதான் வழக்கம். மருந்துக்கடையில் வைட்டமின் ஈ மாத்திரை எண்ணெய் நிறைந்த உறையாகக் கிடைக்கும். ஊசியால் குத்தித் தினம் ஒரு சொட்டு அலகோரம் விடலாம். பி1 மாத்திரையைப் பொடித்து, ஒரு சிட்டிகை தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். பி1 தண்ணீரில் கரைவது, மிஞ்சினால் வெளியேறிவிடும். ஈ கொழுப்பில் கரைவது, உடம்பில் தங்கும், அதனால் நல்லதுதானே என்று அள்ளி விடாதீர்கள். செலினியம் என்ற தாதுச் சத்து சேர்ந்தால் ஈ நன்றாக வேலை செய்யும் என்று கேள்விப்பட்டு அதைத் தனியாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். அளவு சிறிது மிஞ்சினாலும் நஞ்சு, மஞ்சள் கருவில் இருப்பது போதும்.

ஒரு முக்கியமான இடம் இருக்கிறது. கோழிக்கென்று விற்கும் வைட்டமின் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஏ, டி3, ஈ, பி12 மட்டும்தான் இருக்கும், பி1 இருக்காது. லேபிளைப் படித்து வாங்குங்கள். இரத்தக் கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் கலந்த மருந்தோ தீவனமோ கொடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது பி1-க்கு எதிராக வேலை செய்கிற மருந்து.

பி1 குறைவாக இருந்தால் ஓரிரு நாளிலேயே மாற்றம் தெரியும். மற்றவை வாரக்கணக்கில் இழுக்கும். நடுவில் ஒரு நாள் நன்றாக நின்றுவிட்டு, நாய் குரைத்தாலோ பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தாலோ மறுபடி திருகிக்கொள்ளும். மருந்து பலிக்கவில்லை என்று அர்த்தமில்லை, பதற்றத்தில் அப்படி ஆகும். பெட்டியை அமைதியான அறையில் வையுங்கள். கழுத்து நேரான பிறகும் சில நாள் வைட்டமினைத் தொடருங்கள். மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் கேட்காமலே சொல்லுவார்கள். தீனியில் கொஞ்சம் சேர்ந்தால் கெடுதல் இல்லை, ஆனால் கழுத்து அதனால் நிமிராது.

எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. இரண்டு நாள் குஞ்சுக்குச் சத்துக் குறைவு என்றால் அது முட்டையிலேயே குறைந்திருக்கிறது, அதாவது தாய்க்கோழியின் தீனியில் குறைந்திருக்கிறது. பி1 கதையே கோழியில்தான் தொடங்கியது. ஜாவாவில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மான் 1890-களில் வளர்த்த கோழிகள் காலும் கழுத்தும் இழுத்து விழுந்தன. தேடிப் பார்த்தால், அவற்றுக்கு மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளரிசிச் சோறு போட்டிருந்தார்கள். புதிதாக வந்த சமையல்காரர் அந்தச் சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்து, தீட்டாத அரிசி போடத் தொடங்கியதும் தேறின. அந்த வழியில் போய்த்தான் தவிட்டில் இருக்கும் சத்து கண்டுபிடிக்கப்பட்டது, ஐக்மானுக்கு 1929-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

நம் மாவட்டத்தில் பல வீடுகளில் இன்னும் சம்பாப் புழுங்கலரிசிச் சோறுதான். புழுக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடும் என்பதால் அந்தச் சோறு பரவாயில்லை. பச்சரிசியை மட்டும் ஊற வைத்துப் போடுகிறவர்கள் கூடவே தவிடும் போடுங்கள். கடற்கரை ஊர்களில் மீன் குடலைப் பச்சையாகக் கோழிக்கு எறிவது வழக்கம். சில மீன்களின் பச்சைக் குடலில் பி1-ஐ உடைக்கிற நொதி உண்டு, வேகவைத்தால் போய்விடும். ஒரு கொதி விட்டுப் போடுவதில் என்ன சிரமம்? தேங்காய்ப் பிண்ணாக்கிலும் கவனம் வேண்டும். மழைக்காலத்தில் மூட்டையாக வாங்கி வைத்தால் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். எண்ணெய் காறிப்போன தீனியில் வைட்டமின் ஈ அழிந்துவிடும். கொஞ்சமாக வாங்குங்கள், வாடை வந்தால் கோழிக்குப் போடாதீர்கள். விளையில் அவிழ்த்துவிட்ட கோழி புல்லும் பூச்சியும் தின்று பாதியைச் சரிக்கட்டிக்கொள்ளும். கீரிக்கும் மரநாய்க்கும் பயந்து வலைக்குள் அடைத்து வளர்க்கிற கோழிக்கு முருங்கைக்கீரையாவது ஒடித்துப் போட வேண்டும்.

ஒரே சேவலும் பெட்டையும் சேர்ந்த முட்டைகளில் தீனியெல்லாம் சரியாக இருந்தும் திரும்பத் திரும்ப இப்படி வந்தால், அந்த முட்டையை அடை வைக்காமல் குழம்பில் போடுங்கள். சில்கி மாதிரிக் கொண்டை வைத்த அலங்காரக் கோழி வளர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அவற்றின் மண்டை ஓட்டு அமைப்பே அப்படி, தலையில் ஒரு கொத்து விழுந்தாலே கழுத்து திருகும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? இரண்டு மூன்று நாள் கொடுத்தும் விழுங்கவே முடியவில்லை, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, அல்லது ஒன்றுக்குப் பின் ஒன்றாக மற்ற குஞ்சுகளுக்கும் வருகிறது என்றால் காத்திருக்காமல் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். ஒன்றிரண்டு வாரக் குஞ்சுகள் பல ஒரே நேரத்தில் தலை நடுங்கி விழுந்தால் அது வைரஸ் நோயாக இருக்கலாம். பெரிய கோழிகளில் கழுத்து திருகினால் வெள்ளைக்கழிச்சல் நினைவுக்கு வர வேண்டும். அந்த நோயில் தப்பிய கோழி கழுத்து திருகியபடியே பல நாள் நடமாடும். கோழிகள் கூட்டமாகத் திடீரென்று செத்தால் தொட்டுப் புதைப்பதற்கு முன் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். 2014-லும் 2021-லும் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்தது, நமக்கு அது தூரமில்லை.

வெள்ளைக்கழிச்சல் வராமல் தடுக்கக் குஞ்சின் ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா என்ற தடுப்புச் சொட்டு மருந்து விடுவார்கள், எட்டாம் வாரத்தில் தடுப்பூசி. கழுத்து நேராகி நன்றாகத் தின்னும் குஞ்சுக்கு மற்றவற்றோடு சேர்த்தே போட்டுவிடலாம். இன்னும் தள்ளாடுகிறது என்றால் மருத்துவரிடம் காட்டி அவர் சொல்லும் நாளில் போடுங்கள்.