மார்கழி முதல் பொங்கல் வரை, கையைக் கடிக்காமல் சென்னையில் கொண்டாடுவது எப்படி?

கச்சேரி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று அடுத்தடுத்து வரும் இந்த நாட்களை, எதையும் விட்டுக்கொடுக்காமலும் கடன் வாங்காமலும் கடப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். மாதச் சம்பளத்தில் சென்னையில் குடும்பம் நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: எதில் எவ்வளவு குறைக்கலாம் என்று பார்ப்பதைவிட, எந்தப் பணம் எந்தத் தேதியில் கையை விட்டுப் போகிறது என்று பார்ப்பதே அதிகம் உதவும்.

பொங்கல் வருவது ஜனவரி நடுவில். பெரும்பாலான அலுவலகங்கள் வருமான வரிக்கான சான்றுகளைக் கேட்பதும் அதே மாதத்தில்தான். இவற்றுக்கு வரிச்சலுகை தரும் பழைய வரிமுறையில் இருப்பவர் வாடகை ரசீதையும் எல்ஐசி பிரீமியம் ரசீதையும் உரிய நாளுக்குள் கொடுக்கத் தவறினால், ஆண்டு முழுவதற்குமான வரிப் பாக்கியை மீதமிருக்கும் இரண்டு மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். கூடுதலாகப் பிடித்த வரி பின்னர் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்ப வரும் என்றாலும், பொங்கல் செலவுக்கு அது ஆகாது. ஆகவே, புத்தாடை எடுக்க தி.நகருக்குப் புறப்படும் முன்பே ரசீதுகளைக் கொடுத்து முடிப்பதைப் பண்டிகை வேலைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறேன்.

ஊருக்குப் போகிறவர்களுக்குப் பெருஞ்செலவு பயணம். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது என்பதால், பொங்கல் பயணத்துக்கான பணம் நவம்பர் நடுவிலேயே கையில் இருக்க வேண்டும். தென்மாவட்ட ரயில்களில் இடம் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதைத் தவறவிட்டால் கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படும் அரசுச் சிறப்புப் பேருந்துகள் இருக்கின்றன. ஆம்னி பேருந்தின் கடைசி நேரக் கட்டணத்தைப் பற்றிச் சென்னைவாசிக்குச் சொல்லத் தேவையில்லை.

மார்கழியோ அதிகம் கேட்காத மாதம். விடியலில் அரிசிமாவுக் கோலம் போட்டு, சாணத்துக்கு வழியில்லாத எங்கள் தெருவில் பரங்கிப்பூவை மட்டும் நடுவில் வைக்கிறோம். கோயிலுக்குப் போனால் தொன்னையில் சுடச்சுட வெண்பொங்கல் கிடைக்கிறது. கூடாரவல்லி அன்று அக்காரவடிசிலுக்கு நெய் வாங்குவதுதான் சற்றுக் கணிசமான செலவு, அதில் கஞ்சத்தனம் பார்த்தால் செய்யாமலே இருந்துவிடலாம். கச்சேரிகளிலும், இளம் கலைஞர்கள் பாடும் பிற்பகல் நிகழ்ச்சிகளுக்குப் பல சபாக்களில் கட்டணமில்லை. மாலையில் மேடையேறும் பெரிய பெயர்களுக்கே டிக்கெட். பணம் சத்தமில்லாமல் கரைவது சபா கான்டீனில். டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை இலைச் சாப்பாட்டில் விட்டுவிட்டு வருபவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அந்தச் சாப்பாடும் சீசனின் ஓர் அங்கம்தான். ஆனால் அதற்கென்று ஒரு நாளை ஒதுக்கிக்கொண்டு, மற்ற நாட்களில் காபியோடு எழுந்துவிடுவது நல்லது.

கிறிஸ்துமஸுக்கு எதிர்வீட்டிலிருந்து கேக்கும் அதிரசமும் வரும். அந்தப் பாத்திரம் பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலோடு திரும்பிப் போகும். பரிசுப் பொருளுக்கென்று தனியாக எதுவும் செலவழிப்பதில்லை.

கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப்பானை ஆகியவற்றைப் போகியன்று தெருமுனையில் வாங்கினால் சொன்ன விலைதான். கோயம்பேட்டில் போடும் பொங்கல் சிறப்புச் சந்தையில் கரும்பைக் கட்டாக வாங்கி, குடியிருப்பில் நான்கைந்து வீடுகள் பங்கிட்டுக்கொண்டால், ஆட்டோ வாடகையைச் சேர்த்தும் கட்டுப்படியாகிறது.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வரும் என்றால், மளிகையும் பாத்திரமும் தருவதாகச் சொல்லி மாதாமாதம் வசூலிக்கும் பொங்கல் சீட்டை நான் பரிந்துரைக்கமாட்டேன். பதிவு செய்யாத சீட்டில் நடத்துபவர் கைவிரித்துவிட்டால் போட்ட பணத்தை மீட்பது பெரும்பாடு. பொங்கல் முடிந்த கையோடு, ஓராண்டுக்குக் குறைவான ஆர்டி (மாதாமாதம் பணம் கட்டும் தொடர் வைப்பு) தரும் வங்கியில் நவம்பர் தொடக்கத்தில் முதிரும்படி ஒரு கணக்கைத் தொடங்குங்கள். தபால் நிலைய ஆர்டி 5 ஆண்டுக் கணக்கு என்பதால் இதற்குச் சரிப்படாது.