ஸ்டெரியாவைச் செர்பிய நாடகத்தின் தந்தை என்று ஏன் சொல்கிறார்கள்?

செர்பிய மேடைக்குச் சொந்தமான நகைச்சுவை மரபு ஒன்றை நிலைநிறுத்தியவர் என்பதால்தான். யோவான் ஸ்டெரியா போபோவிச் (1806–1856) வக்கீல், கவிஞர், 1840களில் செர்பியாவின் கல்வி நிர்வாகி. பெல்கிரேடில் தேசிய அருங்காட்சியகம் உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு. சரி, நாடகங்களுக்கு வருவோம். அரசர்களையும் போர்வீரர்களையும் பற்றியும் எழுதினார். ஆனால் நிலைத்தவை சாதாரண மனிதர்களைக் கேலி செய்தவைதான். ஒரு நாடகத்தில், செருப்புத் தைப்பவரின் விதவை ஃபேமா, அரைகுறை பிரெஞ்சு பேசிச் சீமாட்டியாக வேஷம் போடுகிறாள். திடீர்ப் பணம் வந்ததும் பேச்சையே மாற்றிக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இருப்பதால் இன்றும் அந்த நாடகம் மேடையேறுகிறது. தேசபக்தி வேஷதாரிகளைச் சாடிய நாடகமோ அவர் இறந்த பிறகுதான் அச்சேறியது.

அவரை வெறும் சிரிப்பு எழுத்தாளர் என்று நினைப்பது தவறு; 1854இல் வந்த ‘டாவோர்யே’ கவிதைகளில் பெரும்பாலும் மரணமும் நிலையாமையும்தான்.