சைக்கிளுக்குத் தடை போட்டால் கல்லடிப் பாலத்துக்கு எந்த வழியால் போறது?

கேள்வி: வாகனம் நெருக்கமாக ஓடும் பிரதான வீதிகளில் சைக்கிள் ஓடத் தடை போட வேண்டுமா?

வேண்டாம். ஆனால் கேட்டவர் பஸ்ஸோ வானோ ஓட்டுபவர் என்றால் அவருடைய எரிச்சலும் எனக்கு விளங்குது.

நான் ஆரையம்பதி. மட்டக்களப்பு டவுனில் வேலை. போக வர சைக்கிள்தான். எங்கட எழுவான்கரை கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையில் ஒரு கீலம் நிலம். அதுக்குள்ளால ஏ4 என்கிற பிரதான வீதி. பாதித் தூரம் உள்வீதியால் போகலாம். ஆனால் வாவியைக் கடக்க வேணுமே, கல்லடியில் பிரதான வீதிக்கு ஏறித்தான் ஆகவேணும்.

அதிவேகப் பாதையில் சைக்கிளுக்கு இடமில்லை. மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும்கூட இல்லை. அது சரிதான், தெற்கு அதிவேகப் பாதையில் ஏறாதவருக்குப் பழைய காலி வீதி கிடக்குது. எங்களுக்கு இருக்கிறதே இந்த ஒரு வீதி.

"ஓரமாப் போனால் என்ன?" என்று கேட்பார்கள். அந்த ஓரத்தைக் கிட்ட வந்து பார்க்க வேணும். காப்பட் போட்டபிறகு தாரின் விளிம்பு மண்ணை விட நாலு விரல் உயரத்தில் நிற்குது. மாரி மழை மண்ணை அரிச்சுக்கொண்டு போனால் ஒரு சாண். வெள்ளைக் கோட்டுக்கும் விளிம்புக்கும் இடையில் கிடக்கிற கொஞ்ச இடத்திலும் குருமணல். போன மாரியில் ஒருநாள் பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்க, இடப்பக்கம் ஒதுங்கினேன். முன் சில்லு மண்ணுக்குள் இறங்கிற்று. பதறிப்போய் ஹேண்டிலைத் திருப்பி ஏறப் பார்த்தேன். டயர் விளிம்போடு உரசி வழுக்க, விழுந்தது மண் பக்கம் இல்லை, ரோட்டுப் பக்கம். பஸ் அதுக்குள் கடந்துவிட்டது, முழங்கையோடு தப்பினேன். ஓட்டோவை நிறுத்தி என்னைத் தூக்கிவிட்ட தம்பி, "அண்ணன், இறங்கினா அப்பிடியே மண்ணுக்க நின்டு போட்டு ஏறணும், சரிச்சு ஏறப்படாது" என்றான். சைக்கிள் ஓடுகிற எல்லாருக்கும் அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

வேகத்தையும் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் வாகனம் 70இல் வந்தால் இடியின் பலம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஊருக்குள் 50தான் எல்லை. சைக்கிளைத் தள்ளிவைக்க முதல் அதைப் பிடிக்கலாம்.

இனி எங்கட பக்கத்துப் பிழை. காத்தான்குடியில் ஈச்ச மரம் நட்ட நடுத்தடுப்பு இருக்குதே, திரும்புகிற இடைவெளி வரைக்கும் போக அலுப்பில் எதிர்ப்பக்கமா ஓடுகிறவர்கள் நாங்கள்தான். நானும் ஓடியிருக்கிறேன். இருட்டினபிறகு லைட்டும் இல்லாமல், பின்னால் சிவப்புக் கண்ணாடியும் இல்லாமல் போகிறவனை எந்தச் சாரதி காண்பான்? டியூஷன் விட்டு மூன்று பெடியன்கள் பக்கம் பக்கமாகக் கதைச்சுக்கொண்டு போகிற கூத்து வேறு. இதுக்கெல்லாம் பொலிஸ் தண்டம் எழுதட்டும், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் இதே வீதியில் எத்தனை பேர் சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தார்கள்! அப்போது தடையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

என்ன செய்யலாம் என்றால், தாரின் விளிம்புக்குக் கிரவல் போட்டு மட்டமாக்கி, மூன்றடி அகலத்துக்கு இறுக்கிவிட்டாலே பாதித் தலையிடி போய்விடும். பிரிச்சுவிட்டால் எப்படி இருக்கும் என்பதற்குக் கல்லடியே சாட்சி. 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம் ஒற்றை வழி. ஒரு பக்கத்தை மறித்துத்தான் மற்றப் பக்கத்தை விடுவார்கள். 2013இல் புதுப் பாலம் வந்தபிறகு பஸ்ஸும் லொறியும் அதால போகுது. நாங்கள் பழையதால் போகிறோம். பின்னேரம் வேலை முடிந்து வரும்போது தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்தபடி, காதில் ஹோர்ன் இல்லாமல், அவ்வளவு தூரமும் நிம்மதியாக மிதிப்பேன். கல்லடிப் பக்கம் இறங்கினதும் திரும்பவும் வெள்ளைக் கோடு, குருமணல், பின்னால் ஒரு பஸ்.